பன்னீர் கலந்த சாக்கடை

சாக்கடை தயாராக இரண்டரை மணி நேரம் பிடித்தது. முதலில் ஓட்ஸைக் குழையக் குழைய வேகவைக்க வேண்டும். அது ஆறியதும் கோகோ தூள், காப்பி இறக்கிய சக்கை, மசித்த வாழைப்பழம், கொஞ்சம் கரும்பச்சைச் சாயம். மேலே மிதக்க ஊறிய ரொட்டித் துண்டுகள். கடைசியில் ஜெலட்டின். அதைப் போட்டால்தான் தோலில் ஒட்டிக்கொண்டு மெல்ல வழியும். கேமராவுக்கு அந்த வழிசல்தான் உயிர்.

இந்தப் பக்குவம் ஒரே ஆளின் கையில் இருந்தது. பதினாறு வருஷமாகச் சினிமாவில், கலைப் பிரிவில் வேலை. ரத்தம், சேறு, சீழ், வாந்தி என்று திரையில் என்னவெல்லாம் ஒழுகுமோ அதையெல்லாம் கலக்கிக் கொடுத்தவன். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. லைட்மேன் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவன் 'கலவை'.

இந்தப் படத்தில் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. படமே சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவர்களைப் பற்றியது. குழிக்குள் தம்பியைப் பறிகொடுத்த ஒருவன், இது விபத்தல்ல, கொலை என்று ஊரையே எதிர்த்து நிற்கும் கதை. கதையை முதலில் கேட்ட அன்று கலவைக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேட்டு முடித்ததும் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

பெரிய கொட்டகைக்குள் பலகையடித்து ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். இடுப்பளவு ஆழம். மேலே இரும்பு மூடி மாதிரி சாயம் பூசிய பைபர் மூடி. முதல் நாள் நாயகன் வந்து எட்டிப் பார்த்தான். மூக்கைச் சுருக்கினான்.

"என்னங்க இது, வாழைப்பழ வாசனை குடலைப் பிரட்டுதே. வேற ஏதாவது போடக் கூடாதா?"

உதவி இயக்குநர் ஓடினான். பன்னீர் வந்தது, எட்டு பாட்டில். தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று அடுத்த புகார், வெந்நீர் விளாவினார்கள். பன்னீர் மணக்கும் இளஞ்சூட்டுச் சாக்கடையில் நாயகன் கழுத்தளவு அமிழ்ந்து எழுந்தான். இயக்குநர் "கட்" சொன்னதும் இரண்டு பேர் துண்டோடு ஓடினார்கள், ஒருவன் கிருமிநாசினியோடு, ஒருவன் தேன் கலந்த வெந்நீரோடு.

அன்று வீட்டுக்குப் போனதும் கலவை இதை அப்பாவிடம் சொன்னான். அப்பா கட்டிலில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் அதே வேலையை நிஜத்தில் செய்தவர் அவர். நகராட்சிச் சாக்கடைக் குழிகளில் இறங்காதது என்று எதுவும் மிச்சமில்லை. அவருடைய அப்பாவும் அதே வேலை. வேறு வேலை கேட்டுப் போனால், "உங்க ஆளுங்களுக்குத்தான் அந்த வேலை இருக்கே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய ஊர்.

"பன்னீரா?" என்றார் அப்பா. "தெரியாமப் போச்சேடா. நானும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஊத்தியிருப்பாங்களோ என்னமோ."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

யூனிட்டில் யாருக்கும் இது தெரியாது. "அப்பா என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "நகராட்சியில இருந்தார், ரிட்டயர்ட்" என்பான் கலவை. பொய் இல்லை. ஆனால் சொல்லும்போதெல்லாம் நாக்கில் ஒரு கசப்பு ஏறும்.

வீட்டில் இன்னொரு கசப்பு இருந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, தாயை எதிர்த்துக்கொண்டு அவனைக் கட்டியவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மாமியார் இந்த வீட்டுக்கு நான்கே தடவைதான் வந்திருக்கிறார். நான்கு தடவையும் கைப்பையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில், அதுவும் நுனியில் உட்காருவார். எதை நீட்டினாலும், "வேண்டாம்மா, வயிறு சரியில்ல." மருமகனை இதுவரை எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "அவர்" என்று காற்றைப் பார்த்துத்தான் பேச்சு.

அவர் போனதும் அப்பா மருமகளிடம் சொல்வார்: "சம்பந்தியம்மாவுக்குப் பதினோரு வருஷமா வயிறு சரியில்லையேம்மா. உன் கடையில நல்ல மருந்தா எதுவும் இல்லையா?"

அவள் சிரிப்பாள். பிறகு அடுக்களைக்குள் போய் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவுவாள்.

படப்பிடிப்பு மூன்றாவது வாரத்தில் நிஜமாகவே இந்த வேலை செய்கிற இரண்டு பேரை அழைத்து வந்தார்கள். அண்ணன், தம்பி. அண்ணனுக்கு நாற்பது வயதிருக்கும், தம்பி நாலைந்து வயது இளையவர். குழிக்குள் எப்படி இறங்குவது, மண்வெட்டியை எந்தக் கோணத்தில் பிடிப்பது, வாளியை எப்படி மேலே கொடுப்பது என்று நாயகனுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. "இவங்கதான் நம்ம ஆலோசகர்கள்" என்று இயக்குநர் மைக்கில் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நாயகன் இரண்டு பேர் தோளிலும் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டான். எடுத்து முடித்ததும் உதவியாளனிடம் கையை நீட்டினான். அவன் கிருமிநாசினியைப் பீச்சினான்.

மதியச் சாப்பாட்டுப் பந்தலில் நீள மேசைகள் போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கலவை தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் டீசல் புகைக்கு நடுவில் அண்ணனும் தம்பியும் தரையில் குந்தியிருப்பதைப் பார்த்தான். கையில் காகிதத் தட்டு. மற்றவர்களுக்கெல்லாம் பீங்கான்.

"அவங்களுக்கு ஏன் சார் அங்க?" என்று தயாரிப்பு மேனேஜரைக் கேட்டான்.

மேனேஜர் குழம்பைப் பிசைந்தபடியே சொன்னார்: "நம்மகூட உக்காந்தா அவங்களுக்குத்தான்பா கூச்சமா இருக்கும். அவங்க நல்லதுக்குத்தான். நீ சாப்புடு, ஆறுது."

எழுந்து போய் அவர்களோடு உட்கார்ந்திருக்கலாம். இருபதடி தூரம். கலவை எழவில்லை. எழுந்தால் ஏன் எழுந்தாய் என்பார்கள்; அதற்குப் பதில் சொல்லப் போனால் பதினாறு வருஷம் மூடி வைத்தது வெளியே வரும். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். மேனேஜரைவிடத் தன்மேல்தான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. கை கழுவும்போது சோப்பை இரண்டு தடவை போட்டான்.

ஐந்தாவது வாரம் அந்தச் சம்பவம் நடந்தது.

தொட்டிக் காட்சிகளைப் போட்டுப் பார்த்த இயக்குநருக்குத் திருப்தியில்லை. "எல்லாம் செட்டு மாதிரியே இருக்கு. ஒரே ஒரு ஷாட் நிஜக் குழியில வேணும். தலை உள்ள போய் மறையணும். பின்னாடி நிஜத் தெரு, நிஜ ஜனம். அந்த ஒரு ஷாட்தான் படத்தையே தூக்கி நிறுத்தும்" என்றார்.

நாயகன் இறங்குவான் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. அவனுக்குப் பதிலாகத் தாவுகிற, விழுகிற சண்டைக் கலைஞரைக் கேட்டார்கள். மாடியிலிருந்து குதிக்க அஞ்சாத மனிதர், ஒரு கும்பிடு போட்டு ஒதுங்கிக்கொண்டார். மேனேஜர் அண்ணன்காரரிடம் போனார். "உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. தினம் பண்றதுதானே? அஞ்சு நிமிஷ வேலை."

தெரு நடுவில் மூடியைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாயகனின் சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் குழி விளிம்பில் நின்றார். முகமூடி இல்லை. இருந்தால் ஷாட் கெட்டுவிடும். கலவை பத்தடி தள்ளிச் சேற்று வாளியோடு நின்றிருந்தான். உள்ளிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டே இருந்தது, சட்டென்று நின்றது.

அப்பா நூறு தடவை சொல்லிக் கேட்டது: "நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லடா. அடிச்சிட்டே இருந்தது திடீர்னு நின்னா காத்து நல்லாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. நம்ம மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"சார்!" என்று கத்தினான். "முன்னாடி ஒரு மூடி, பின்னாடி ஒரு மூடி திறக்கணும் சார். அரைநாள் காத்தாட விடணும். இப்ப இறங்கக் கூடாது."

தெருவே திரும்பிப் பார்த்தது. இயக்குநர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம்.

"எங்கயோ... படிச்சேன் சார்."

"படிச்சியா! அவருக்கே தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? வெயில் போயிட்டிருக்கு. லைட் மாறிடும். தள்ளு."

அண்ணன் கலவையை ஒரு பார்வை பார்த்தார். என்ன நினைத்தாரோ, தம்பியைக் கூப்பிட்டு, "கயிறு கட்டு" என்றார். கயிறு கேமராவில் தெரியும் என்று மேனேஜர் பறந்தார். "முதுகுப் பக்கம் கட்டுங்க, சட்டைக்கு உள்ள விடுங்க, தெரியாது" என்று சொல்லி, கலவையே ஓடிப்போய்ச் சட்டையைத் தூக்கிப் பிடித்தான். அதை மட்டும் செய்தான்.

"ஆக்‌ஷன்" என்ற குரல் கேட்டது. அண்ணன் இறங்கினார். தோள் மறைந்தது, தலை மறைந்தது. பதினைந்து எண்ணுவதற்குள் உள்ளே தொப்பென்று சத்தம். தம்பி அலறிக்கொண்டு கயிற்றை இழுத்தார். கலவை வாளியை எறிந்துவிட்டு ஓடிப் பிடித்தான். இன்னும் இரண்டு லைட்மேன்கள் கைகொடுத்தார்கள். ஈரமூட்டை மாதிரி அண்ணன் மேலே வந்தார். வாயில், மூக்கில், கண்ணிமையில் கறுப்பு. இது கோகோ அல்ல. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். தம்பி அவர் நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தினார்.

கலவை உதவிக்கு ஆள் தேடித் தலையைத் தூக்கினான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒளிப்பதிவாளர் மெல்லத் தள்ளிக்கொண்டு கிட்டத்தில் வந்தார். இயக்குநர் வாயில் விரலை வைத்து, யாரும் குறுக்கே போகாதீர்கள் என்று கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் செத்துப் போகவில்லை. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். "படம் நிக்கக் கூடாது, எத்தனை பேரோட பிழைப்பு" என்று மேனேஜர் யூனிட்டைக் கூட்டி வைத்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். கலவையும் ஆட்டினான்.

ஏழு மாதம் கழித்துப் படம் வெளியாகி, ஊர் கொண்டாடியது. பத்திரிகைகள் தூக்கி வைத்து ஆடின. "இந்தப் பாத்திரத்துக்காகப் பதினெட்டு நாள் சாக்கடையில் கிடந்தேன்" என்று நாயகன் பேட்டி கொடுத்தான். கலவை இரண்டாவது நாள் மனைவியோடு போனான். அப்பா வரவில்லை. "முப்பத்தோரு வருஷம் ஓசியில பார்த்த படம்தானே" என்றுவிட்டார்.

இடைவேளைக்குச் சற்று முன் அந்த ஷாட் வந்தது. நிஜத் தெரு. மறையும் தலை. ஈரமூட்டையாக மேலே வரும் உடம்பு. நெஞ்சில் குத்தும் தம்பி. நடுவில் நாயகனின் முகத்தை ஒட்டவைத்திருந்தார்கள். மூக்கைப் பொத்திப் பின்வாங்கும் ஜனத்தையும் விடவில்லை. அரங்கமே விம்மியது. பக்கத்து வரிசையில் ஒரு பெரிய மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என்ன நடிப்புப்பா!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

கலவை எழுந்தான். கழிவறைக்கு ஓடினான். வாந்தி பாதி தொட்டியில், பாதி தரையில். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கையில் துடைப்பத்தோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார்.

"இருங்கம்மா, நானே கழுவிடறேன்."

"படம் அவ்வளவு சோகமா?" என்றார் அவர். "காலையிலிருந்து எல்லாரும் மூக்கைச் சிந்திட்டு வராங்க. சிந்திட்டு இங்கயே போட்டுட்டுப் போறாங்க."

தரையெங்கும் நனைந்த காகிதங்கள். இடைவேளை மணி அடித்தது. சிவந்த கண்களோடு ஒரு கூட்டம் உள்ளே வந்தது. அந்த அம்மாள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். அவர் குவித்து வைத்த குப்பையை மிதித்துக்கொண்டு அவர்கள் போனார்கள். ஒருவன், "ஏம்மா, இவ்வளவு நாறுது, என்னத்தைத்தான் சுத்தம் பண்றீங்க?" என்று அதட்டினான். அவன் கண்ணீர்கூட இன்னும் காயவில்லை.

படம் ஓடத் தொடங்கி மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் மாமியார். கையில் பையில்லை. கண்கள் வீங்கியிருந்தன.

"மாப்பிள்ளை" என்றார்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவை. கலவைக்கு அது தன்னைத்தான் என்று புரிய ஒரு கணம் பிடித்தது.

அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரவில்லை. "குடிக்கத் தண்ணி குடு" என்று மகளிடம் கேட்டு வாங்கி, மடமடவென்று குடித்தார். நேரே அப்பா கட்டிலுக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அவர் குடியிருப்புப் பெண்களெல்லாம் சேர்ந்து போய்ப் படம் பார்த்தார்களாம். அந்தக் குழிக் காட்சியில் அவரால் தாங்க முடியவில்லையாம்.

"இப்படியா கஷ்டப்பட்டீங்க சம்பந்தி? எனக்குத் தெரியாதே! பாவி எனக்குத் தெரியாதே!"

அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "பரவால்லம்மா, வயிறு இப்பத் தேவலையா?" என்றார்.

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். கலவைக்கு மட்டும் ஆத்திரமாக வந்தது. தெரியாதாம். பதினோரு வருஷமாக இந்த மனிதர் இருமுவது காதில் விழவில்லை. விரலிடுக்கில் ஆறாத புண் கண்ணில் படவில்லை. பன்னீர்த் தொட்டியில் முங்கியெழுந்த ஒருவன் அழுதுகாட்டியதும் தெரிந்துவிட்டதாம்.

"அத்தை" என்றான். குரல் அவனுக்கே வேற்றுக் குரலாக இருந்தது. "நீங்க அழுதீங்களே, அந்தக் காட்சி. அது நடிப்பில்ல. அந்த ஆள் நிஜமாவே செத்துப் பிழைச்சார். நான் கயிறைப் புடிச்சு இழுத்தேன். படக்காரங்க நின்னு படம் எடுத்தாங்க. அதைத்தான் நீங்க டிக்கெட் வாங்கிப் பார்த்துட்டு வந்து எங்க வீட்டுல அழறீங்க."

மாமியாரின் முகம் வெளிறியது. மனைவி, "ஏங்க!" என்று அவன் கையைப் பிடித்தாள். உதறினான்.

மாமியார் மெதுவாகச் சொன்னார்: "தப்புத்தான். உங்க அப்பாவைப் பார்த்து வராத புத்தி படத்தைப் பார்த்து வந்துச்சு. வெக்கமாத்தான் இருக்கு. ஆனா வந்த வழி தப்புன்னு வந்த புத்தியையும் திருப்பி அனுப்பணுமா? நான் வேற எப்படித்தான் திருந்தறது, நீங்களே சொல்லுங்க."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

கால்கள் அண்ணன் தம்பி வீட்டுக்குத்தான் இழுத்துப் போயின. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்ததோடு சரி, பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஒற்றை அறை. அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழ முயன்றார், மூச்சு வாங்கியது. நாலு படி ஏறினால் பத்து நிமிஷம் உட்கார வேண்டுமாம்.

"படத்தால ஒரு நல்லது நடந்துச்சு" என்றார் தம்பி. "ஜனங்க நகராட்சி வாசல்ல போய்க் கத்தினாங்க. போன மாசம் மெஷின் வந்துடுச்சு. ஓட்டறதுக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்க, நாங்க குழாயைத்தான் புடிக்கிறோம். ஆனா இப்ப யாரும் உள்ள இறங்கறதில்லை."

அப்பா காலத்தில் மனு மேல் மனுவாகப் போட்டும் வராத மெஷின். அந்த இயக்குநரின் படம் கொண்டுவந்துவிட்டது. அருவருப்பை எங்கே வைப்பதென்று கலவைக்குத் தெரியவில்லை.

"புகார் குடுத்தீங்களா?" என்று கேட்டான்.

"எப்படிப்பா?" என்றார் அண்ணன். "அவங்களாலதானே மெஷின் வந்துச்சு. அவங்க மேலயே எழுதறதா? நன்றி கெட்டவன்னு சொல்ல மாட்டாங்க?"

அடுப்படியிலிருந்த அவர் மனைவி திரும்பினார். "மெஷினுக்கு நன்றி சொல்லிக்கலாம். போன மூச்சுக்கு யார் பதில் சொல்றது? சாட்சி சொல்ல ஆளில்லன்னுதானே இவர் பயப்படறாரு. நீங்க அங்கதானே நின்னீங்க? சொல்வீங்களா, மாட்டீங்களா?"

"சொல்றேன்" என்றான் கலவை. "இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்கு இறங்கக் கூடாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னு டைரக்டர் கேட்டாரில்ல? எங்கயும் படிக்கலை. எங்க அப்பாவும் இதே வேலைதான்."

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியும்" என்றார். "மூடிக் கணக்கைப் புத்தகத்துல எவன் எழுதியிருக்கான்? ஆனா ஒண்ணு. அன்னிக்கே நீ அதை எல்லார் முன்னாடியும் சொல்லியிருந்தா, மாட்டேன்னு சொல்ல எனக்கும் ஒரு துணை இருந்திருக்கும். நான் இறங்கியிருக்க மாட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கலவையை அடித்துப் போட்டது.

மறுநாள் அண்ணன், தம்பி, கலவை மூன்று பேருமாகப் போய்த் தொழிலாளர் நல அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இயக்குநரிடமிருந்து போன்.

"என்னப்பா இது? நல்ல காரியத்துக்காகப் பண்ணின படம். எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்கு தெரியுமா?"

"தெரியும் சார். ஒரு உயிரை எடுக்கப் பார்த்ததும் தெரியும்."

மறுமுனையில் குரல் குழைந்தது. "உங்க அப்பாவும் அந்த வேலைதானாமே? கேள்விப்பட்டேன். முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவு யூஸ் ஆகியிருக்கும்! அடுத்த வாரம் வெற்றி விழா. அப்பாவை மேடையில ஏத்தி ஹீரோ சாரை விட்டு ஒரு மரியாதை பண்ணச் சொல்றேன். நீ அந்தப் புகாரை மட்டும்..."

கலவை போனை அணைத்தான். அதைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் கீழே வைத்தான்.

அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவனைக் கூப்பிடவில்லை. இணையத்தில் முகம் தெரியாதவர்கள் வண்டை வண்டையாகத் திட்டினார்கள். நல்ல படத்தைக் கெடுக்கப் பார்க்கிறானாம், பொறாமையாம், பணம் வாங்கிவிட்டானாம். விசாரணை அதிகாரி முதல் நாளே, "படம் பார்த்தேங்க, ரெண்டு கர்ச்சீப் நனைஞ்சுது" என்றார். சொல்லிவிட்டுத் தம்பியையும் அவனையும் ஒன்றேகால் மணி நேரம் நிற்க வைத்தே கேள்வி கேட்டார். பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தது. கலவை ஒன்றை இழுத்துத் தம்பியை உட்கார வைத்துவிட்டு, இன்னொன்றில் தானும் உட்கார்ந்தான். அதிகாரி முகம் சுளித்தார்.

முடிவில் மேனேஜர் தலையில் பழி விழுந்தது. அண்ணனின் வைத்தியச் செலவு முழுவதையும் கம்பெனி ஏற்கவேண்டும் என்று உத்தரவு. இயக்குநர் ஒரு வீடியோ வெளியிட்டார். கறுப்புச் சட்டை, மங்கிய வெளிச்சம், கன்னத்தில் இறங்கும் ஒற்றைக் கண்ணீர்த் துளி. கலவை அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான். கிளிசரின். நிஜக் கண்ணீர் அத்தனை மெதுவாக இறங்காது. பதினாறு வருஷத் தொழிலில் அதுகூடத் தெரியாமலா போகும்? அந்த வீடியோவைப் பார்த்தும் ஆயிரக்கணக்கானவர்கள் அழுதார்கள்.

மாமியார் மட்டும் தன் குடியிருப்புப் பெண்களிடம், நாம் அழுத காட்சி நிஜம் என்று சொல்லப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டார். "மனசைத் தொட்ட படம்டி, அதையும் விட மாட்டியா?" என்றார்களாம். இரண்டு பேர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார், சாப்பிட்டார், அப்பாவோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டார். கலவை பரிமாறுவான். கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டான். "பசிக்கலை" என்பான். அவருக்குப் புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் காட்ட அண்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். கூடத்தில் இருந்தது ஒரே சோபா. நடுவில் மாமியார். அண்ணன் மூச்சிரைத்தபடி உட்கார வந்தார். மாமியார் நகர்ந்து இடம் விட்டார்.

ஆனால் ஒரு கணம் தாமதித்துத்தான் நகர்ந்தார். புடவை நுனியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நகர்ந்தார். கலவை அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அவன் விறுவிறுவென்று அடுக்களைக்குப் போய்விட்டான். டீக்குத் தண்ணீர் வைத்தான். பின்னாலேயே மாமியார் வந்து நின்றார்.

"கை தானா இழுத்துடுச்சு மாப்பிள்ளை" என்றார். "அம்பது வருஷப் பழக்கம். படம் பார்த்ததும் அழுகை வந்துடுச்சு. கை இன்னும் வரலை."

கலவைக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை, வயிறு சரியில்லை என்று சாக்குச் சொல்லவில்லை, அதுவும் தெரிந்தது. டீயை வடிகட்டி நாலு கோப்பைகளில் ஊற்றித் தட்டில் வைத்து அவர் கையில் கொடுத்தான்.

"நீங்களே கொண்டு போய்க் குடுங்க. குடுத்துட்டு, அவங்க பக்கத்துலயே உக்காந்து குடிங்க."

மாமியார் தட்டை வாங்கிக்கொண்டார். கோப்பைகள் லேசாகக் கிணுகிணுத்தன. கூடத்துக்குப் போனார். அவன் கதவோரமாக நின்று, அவர் உட்காருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.